கொசுவிரட்டியிலும் வாசனைக் கருவியிலும் புது யோசனை இருக்கிறதா? மும்பையின் ஒற்றை அறைக் கோலியிலிருந்து காப்புரிமை வரை முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தூபக்காலில் கரியைக் கனிய வைத்து, சாம்பிராணியை இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார். ஒரு கிள்ளு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிள்ளு. மொத்தமாகக் கொட்டினால் கண் கரிக்கும், பத்து நிமிஷத்தில் வாசனையும் போய்விடும். கொசுவர்த்திச் சுருளிலிருந்து பிளக்கில் செருகும் லிக்விட் வரை இந்தத் துறையில் வந்த கண்டுபிடிப்புகள் எல்லாமே அந்த இரண்டு விரலின் வேலையை ஏதோ ஒரு பொருளிடம் ஒப்படைத்தவைதான். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வெளியே வர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு பதில் கையில் இருந்தால் உங்களிடம் கண்டுபிடிப்பு இருக்கிறது. புது மணம் மட்டும் இருந்தால் இல்லை.

நான் இருப்பது மும்பையின் சயான் கோலிவாடா. வீட்டுக் கண்டுபிடிப்பு ஒன்றுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதற்கு முன் ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். இரண்டிலும் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மும்பையில் ஒரு கோலி என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஒரு பரண். அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. இருக்கிற ஒரு பிளக் பாயின்டில் மொபைல் சார்ஜர் குடியிருக்கும். கடையில் விற்கும் கருவிகளை வடிவமைத்தவர்கள் இந்த அறையை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கான இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

கொசுவையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாலா என்கிற சாக்கடைப் பக்கமிருந்து ராத்திரி வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ். பூந்தொட்டித் தட்டிலும் மூடாத டிரம்மிலும் வளர்ந்து பகலில் கடிப்பது ஏடிஸ், டெங்கு அதன் வேலை. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. பம்பாயின் மலேரியாவுக்கு இதுதான் காரணம் என்று 1911-லேயே பென்ட்லி என்ற மருத்துவர் அறிக்கை எழுதிவிட்டார். ராத்திரி மட்டும் ஸ்விட்சைப் போடும் பழக்கம் ஏடிஸை விட்டுவிடுகிறது என்பதே ஒரு நல்ல தொடக்கப் புள்ளி.

என் வாக்கியம் இது: 'பிளக் இல்லாமல், ஜன்னல் கம்பியில் தொங்கி, வாசனையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற, குழந்தையால் திறக்க முடியாத கருவி.' இப்படி எழுத வரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் யோசியுங்கள்.

படி 2: முன்னோர்கள் அளவை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

ஜப்பானில் எயிச்சிரோ உயேயமா 1890-இல் பூச்சியைக் கொல்லும் பைரெத்ரம் பூவின் பொடியை ஊதுபத்தி போலக் குச்சியாக்கினார். அது 40 நிமிஷத்தில் எரிந்து முடிந்தது. நீளமாக்கினால் ஒடிந்தது. சுருளாகச் சுற்றலாமே என்று 1895-இல் சொன்னவர் அவர் மனைவி யுகி. செய்முறை கைகூடி விற்பனைக்கு வர 1902 ஆகிவிட்டது. மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. நீளம் சுருளுக்குள் அடங்கியதால் 40 நிமிஷம் ஏறக்குறைய 7 மணி நேரம் ஆனது. ஒரு ராத்திரித் தூக்கத்தின் அளவு அது.

அடுத்தது மேட். 1949-இல் அந்தப் பூவின் மருந்தைப் போலச் செயற்கையாகச் செய்த அலெத்ரின் (இந்த வகை மருந்துக்குப் பைரெத்ராய்டு என்று பெயர்) வந்தபின் பூவை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. 1963-இல் ஜப்பானிய நிறுவனமான ஃபுமாகில்லா மின்சார மேட்டைக் கொண்டுவந்தது. புகை ஒழிந்தது, ஆனால் வேறொரு குறை வந்தது. சூடு ஏறிய முதல் சில மணி நேரம் மருந்து நிறைய வரும், விடியும்போது மெலிந்துவிடும். நீல மேட் காலையில் வெளுத்துக் கிடக்கும், நினைவிருக்கிறதா? 1980-களில் வந்த லிக்விட் அந்தக் குறையைத் தீர்த்தது. திரி கீழிருந்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் முதல் ராத்திரிக்கும் முப்பதாவது ராத்திரிக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த ஹீட்டருக்குள் ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. அதில் தெர்மோஸ்டாட் கிடையாது. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வில்லை ஒன்று உண்டு, பிடிசி என்பார்கள். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அதன் மின்தடை பல மடங்கு எகிறும். மின்னோட்டம் குறையும், சூடு தானே அடங்கும். இரவு முழுக்க 5 வாட் அளவில் ஓடியும் தீப்பிடிக்காமல் இருப்பது இதனால்தான்.

வாசனைப் பக்கம் எனக்குப் பிடித்தது காரில் தொங்கும் அட்டை மரம். 1950-களில் அமெரிக்காவில் ஜூலியஸ் சமான் செய்தது. மரத்தின் வடிவத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சூட்சுமம் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. உறையை முழுசாகக் கழற்றாமல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். வெளியே தெரியும் பரப்பு எவ்வளவோ அவ்வளவு வாசனை. நம்மூரில் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டே நாளில் வாசனை போச்சு என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

ஸ்பிரே டப்பாவை அமெரிக்க விவசாயத் துறையின் குட்ஹ்யூவும் சல்லிவனும் உருவாக்கினார்கள். 1943-இல் காப்புரிமை கிடைத்தது, போர்முனை மலேரியாவுக்காக வந்த பொருள். மீயொலி அதிர்வால் தண்ணீரைப் பனிமூட்டமாக்கும் வாசனைக் கருவிகளும் இன்று நிறையக் கிடைக்கின்றன. ஆனால் ஜூலை மாத மும்பைச் சுவருக்கு இன்னும் ஈரம் ஏற்றுவது நல்லதில்லை. பூஞ்சைக்கு நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

படி 3: எடை போட்டுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த வகை. கடையில் விற்கும் லிக்விட் ரீஃபில் ஒன்றை ராத்திரி செருகும்முன் நிறுத்து எழுதுங்கள். காலையில் ஆறவிட்டு மறுபடி நிறுத்து எழுதுங்கள்.

என் நோட்டில் முதல் பக்கம்: இரவு 10 மணிக்கு 71.40 கிராம், காலை 7 மணிக்கு 70.62. ஒன்பது மணி நேரத்தில் 0.78 கிராம், மணிக்கு 0.087 கிராம். திரவம் தண்ணீரைவிட லேசு, மில்லிக்கு 0.8 கிராம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 0.1 மில்லி, இரண்டு சொட்டு. பாட்டிலில் டிரான்ஸ்ஃப்ளுத்ரின் என்ற பைரெத்ராய்டு மருந்து 0.88 சதவீதம் என்று போட்டிருந்தது. அப்படியானால் அறைக்குள் மருந்து வருவது மணிக்கு 0.8 மில்லிகிராமுக்கும் கொஞ்சம் கீழே. மீதி எல்லாம் அதைச் சுமந்து வரும் கரைப்பான்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு ஒன்று புரிந்தது. கையால் ஊற்றியோ, துணியில் நனைத்தோ இந்த அளவை யாராலும் பிடிக்க முடியாது. ஆகவே மருந்தை வீட்டில் கலக்காதீர்கள். பைரெத்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம், பூனைக்கும் ஆகாது. உங்கள் சோதனை முழுவதும் வாசனை எண்ணெயோடு நிற்கட்டும். கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதை அதிலேயே நிரூபித்துவிடலாம்.

ஒரு வாரம் எடை போட்டால் மின்விசிறி ஓடிய ராத்திரியும் ஓடாத ராத்திரியும் வேறுபடுவது தெரியும். பாட்டில் காலியாகும் சமயத்தில் திரியை உருவி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். எனக்குக் கிடைத்த திரியில் மேல் நுனி அரை அங்குலம் தீய்ந்த சாதம் போலக் கறுத்து இறுகியிருந்தது, கீழே வெளிர் சாம்பல் நிறம். கரைப்பானின் லேசான பகுதி பறந்துவிட, கனமான மிச்சம் நுனியில் தங்கித் துளைகளை அடைத்துக்கொள்கிறது. பழைய திரியைப் புது பாட்டிலில் செருகிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் ஏன் கடி வாங்குகிறார்கள் என்பதற்கும் இதுதான் காரணம். இந்த அடைப்புக்கு உங்களிடம் தீர்வு இருந்தால், அந்த ஒன்றே காப்புரிமைக்குப் போதுமான விஷயம்.

படி 4: ஏற்கனவே யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருப்பார்கள். அதில் கலங்க ஒன்றுமில்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் கடலில் விழுந்த மாதிரி. வகைக் குறியீட்டோடு தேடுங்கள். பூச்சிக்கு மருந்தோ புகையோ தரும் கருவிகள் ஏ01எம் 1/20-இன் கீழ் இருக்கும். காற்றுக்கு மணமூட்டுபவை ஏ61எல் 9-இல் இருக்கும், சூடாக்கி ஆவியாக்குபவைக்கு அதில் 9/03.

ஒவ்வொரு ஆவணத்திலும் முதலில் படம், அப்புறம் நேரே கடைசியில் இருக்கும் உரிமைகோரல்கள், அதாவது எதெதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று எண் போட்டுச் சொல்லும் வரிகள். நடுவில் உள்ள இருபது பக்கத்தை இப்போதைக்கு விடுங்கள். முதல் உரிமைகோரலில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் உங்கள் கருவியிலும் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள்.

நான் யோசித்தது, சுட்ட களிமண் முளை ஒன்று எண்ணெயை உறிஞ்ச, அதன்மேல் ஒரு வளையம் ஏறி இறங்கித் திறந்த பரப்பைக் கூட்டிக் குறைப்பது. தேடிய மூன்றாம் நாளே வளையம் வைத்தவை வரிசையாக வந்தன. சோர்ந்துதான் போனேன். ஆனால் அவற்றில் எதிலும், எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் திரும்பும் பூட்டு களிமண் முளையோடு சேர்ந்து இல்லை. என் கண்டுபிடிப்பு அந்த அளவுக்குச் சுருங்கியது. சுருங்கியதால்தான் நிற்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 வருஷம். 1980-களின் திரி, ஹீட்டர் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. அவற்றில் உள்ள படத்தையும் அளவையும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

படி 5: முன்மாதிரி செய்வது

இதற்கு மும்பையைப் போல ஊர் கிடையாது. எலக்ட்ரானிக் சாமான்களுக்கு லேமிங்டன் ரோடு, மின்சாதன உதிரிகளுக்கு லோஹார் சால், கரைப்பானுக்கும் கண்ணாடிக் குடுவைக்கும் பிரின்சஸ் ஸ்ட்ரீட், அத்தருக்கு முகம்மது அலி ரோடு. அச்சு வார்ப்புக்குத் தாராவி.

களிமண் முளைக்காகத் தாராவி கும்பர்வாடாவில் ஒரு குயவரிடம் போனேன். விரல் பருமனில் மூன்று வகை கேட்டேன்: வெறும் மண், கால் பங்கு மரத்தூள் கலந்தது, பாதிக்குப் பாதி கலந்தது. மரத்தூள் சூளையில் எரிந்து போனால் அந்த இடம் துளையாகும், துளை கூடினால் உறிஞ்சுவது கூடும். வெறும் மண் முளை பக்கத்து ஆளுக்கே மணக்கவில்லை. பாதிக்குப் பாதி கையில் எடுத்ததும் நொறுங்கியது. கால் பங்குதான் தேறியது. மெருகு ஏற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெருகிட்டால் துளை எல்லாம் மூடிப்போகும்.

குச்சி வைக்கும் வகை உங்கள் யோசனை என்றால் பிரம்பு வாங்குங்கள். மூங்கிலில் கணு குறுக்கே நிற்பதால் எண்ணெய் பாதியில் நின்றுவிடும். பிரம்பில் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் போகும்.

பிளாஸ்டிக்கில்தான் நான் ஏமாந்தேன். முதல் கூட்டை ஏபிஎஸ்ஸில் அடித்து ஆரஞ்சு எண்ணெய் ஊற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் அடிப்பாகம் பிசுபிசுத்து மூலையில் விரிசல் ஓடியது. பீரோமேல் இருந்த கல்யாண ஆல்பத்தில் முழு பாட்டிலும் இறங்கிவிட்டது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனீன் பாலிஸ்டைரீனையும் ஏபிஎஸ்ஸையும் தின்னும். எண்ணெய் படும் இடத்தில் கண்ணாடி வையுங்கள், இல்லையென்றால் பாலிப்ரொப்பிலீன். அதுவும் ஒரு மாதம் ஊறவைத்துப் பார்த்த பிறகு.

சூடாக்கும் வகை என்றால் 230 வோல்ட்டில் கை வைக்காதீர்கள். 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடும் தயார் பிடிசி ஹீட்டரை வைத்துச் சோதியுங்கள். நேரடி மின்சாரத்துக்கு மாறும் நாளில் படித்த மின்பொறியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அச்சு வெட்டுவதற்கு முன் முப்பரிமாண அச்சில் இரண்டு மூன்று மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். உலோக அச்சு விலை அதிகம், திருத்தம் அதைவிட அதிகம். அச்சுக்காரரிடம் போகும்போது ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி தாராவியில் மூடி அடிப்பவர், திருநெல்வேலிக்காரர். காகிதத்தை நீட்டியதும் சிரித்தார். "ஏலே, தெனம் பத்து பேரு மூடி அடிக்க வாரான். ஒம்மூடிய வச்சு நான் என்னல செய்யப்போறேன்?" என்றார். கையெழுத்து மட்டும் போட்டுத்தான் கொடுத்தார்.

படி 6: சோதனை

மறுபடி தராசுதான். வளையத்தை ஒவ்வொரு நிலையிலும் மூன்று நாள் வைத்து நிறுங்கள். ஜன்னல் திறந்து, மூடி, மழை நாளில், ஏசி அறையில். தேதி போட்டு, அடித்தல் திருத்தலோடு அப்படியே வைத்திருங்கள். அப்புறம் சாய்த்து வைத்து, மேஜை உயரத்திலிருந்து போட்டு, ஒழுகுகிறதா பாருங்கள். நம் மூக்கை நம்பக் கூடாது, அரை மணியில் அதற்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருபவரிடம், எதுவும் சொல்லாமல், ஏதாவது வாசனை வருகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கொசுவை விரட்டுகிறதா என்பதை வீட்டில் நிரூபிக்க முடியாது. அதற்குப் பீட்-கிரேடி அறை என்று ஆறடிக்கு ஆறடிக்கு ஆறடி கொண்ட சோதனைக் கூண்டு இருக்கிறது. எண்ணி விட்ட கொசுக்களில் பாதி மயங்கி விழ எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள். அது ஆய்வகத்தின் வேலை.

படி 7: வாயை மூடிக்கொண்டு விண்ணப்பியுங்கள்

என் முதல் வடிவத்தை நான் இழந்தது இங்கேதான். ஒரு பொங்கல் விழாவில் மேஜை போட்டு, வந்தவர்களிடம் எல்லாம் விளக்கி, மாமா எடுத்த வீடியோவை நாலு குழுவில் பகிர்ந்தேன். விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டிவிட்டால் அது புதியது என்ற தகுதி போய்விடும். அரசு அறிவிக்கும் கண்காட்சிகளுக்கு 12 மாத விலக்கு உண்டு, தெருமுனைப் பொங்கலுக்குக் கிடையாது.

எதற்குக் கிடைக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வெறும் கலவையையும் பாரம்பரிய அறிவையும் ஒதுக்குகிறது. நொச்சி, வேம்பு, சாம்பிராணி கலந்த பொடிக்கு விண்ணப்பிப்பது வீண் செலவு. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாக்கி வாங்கப்பட்ட ஐரோப்பியக் காப்புரிமையே 2000-இல் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கருவியின் அமைப்புக்குக் கேளுங்கள்.

கையில் பணமும் நேரமும் குறைவென்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தின் முதல் வடிவத்தோடு தொடங்கலாம். படிவம் 1, படிவம் 2, இரண்டு மூன்று கோட்டுப்படம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், முப்பது பக்கம், பத்து உரிமைகோரல் வரை அதற்குள் அடங்கும். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும், அதற்கு அப்புறம் விண்ணப்பிப்பவர் உங்களுக்குப் பிந்தியவர். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தற்காலிகம்தானே என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பாதீர்கள். அதில் சொல்லாத உறுப்புக்கு அந்தத் தேதி கிடைக்காது. முளையின் துளை, வளையத்தின் இடைவெளி, பூட்டின் மாற்று வடிவங்கள், நோட்டில் உள்ள எடைக் கணக்கு எல்லாம் உள்ளே போகட்டும்.

மும்பை அலுவலகம் ஆன்டாப் ஹில் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில், பௌத்திக் சம்பதா பவன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். இணையத்தில் போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். நேரில் கொடுத்தால் கட்டணம் கொஞ்சம் கூடும். காப்புரிமை முகவர் கட்டாயமில்லை. ஆனால் உரிமைகோரல் எழுதும் கட்டத்தில் மட்டுமாவது ஒருவருக்குக் காசு கொடுப்பது நல்லது. நானே எழுதிய முதல் வரைவில் 'களிமண்ணால் ஆன' என்று போட்டிருந்தேன். பீங்கானில் செய்பவர் தப்பித்துவிடுவாரே என்று முகவர் 'துளையுள்ள சுட்ட பொருளால் ஆன' என்று மாற்றினார். அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

ஆராயச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், அது படிவம் 18. தனிநபருக்கு 4,000 ரூபாய். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிப்படி முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், முன்பு 48 மாதம் இருந்தது. பழைய கட்டுரைகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். வெளித்தோற்றம் மட்டும் புதிது என்றால் வடிவமைப்புப் பதிவு போதும், 10 வருஷம், அதற்குமேல் 5 வருஷம் நீட்டிக்கலாம்.

படி 8: பெட்டியில் 'கொசு' என்று போடுவதற்கு முன்

வாசனைக் கருவியாக விற்பது ஒரு கதை. பைரெத்ராய்டு ஊற்றிக் கொசுவிரட்டியாக விற்பது முற்றிலும் வேறு கதை. 1968-ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஃபரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழுவிடம் அந்த மருந்துக் கலவைக்குப் பதிவு வேண்டும், தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். காப்புரிமை இருக்கிறதே என்று விற்க ஆரம்பிக்க முடியாது. காப்புரிமை மற்றவர்களைத் தடுக்கும் உரிமை, விற்கும் அனுமதி அல்ல. தனியாளுக்கு நடைமுறை வழி, கருவியின் காப்புரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஏற்கனவே பதிவு பெற்ற நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பது. நானும் இப்போதைக்கு வாசனையோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக, புதுப்பிப்புக் கட்டணம். காப்புரிமை கிடைத்த பிறகு, விண்ணப்ப நாளிலிருந்து எண்ணி மூன்றாம் வருஷம் முதல் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். தனிநபருக்கு ஆறாம் வருஷம் வரை வருஷத்துக்கு 800 ரூபாய், அப்புறம் படிப்படியாக ஏறிக் கடைசி ஐந்து வருஷம் 8,000. தவறவிட்டால் காப்புரிமை காலாவதி. தேதியை மொபைலில் குறித்து வைத்தால் போன் மாறும்போது போய்விடும். நான் எடை நோட்டின் பின் அட்டையில் எழுதி, தூபக்கால் இருக்கும் சாமி அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணில் படும்.